இடது ஓரத்துக் குடும்பம்

தேநீர்க் கோப்பையை மேசையில் வைப்பதற்குள் அது தட்டில் மூன்று முறை தட்டிவிட்டது. அவள் கோப்பையைப் பார்க்கவில்லை. புருஷன் பார்த்துவிட்டாரா என்று பார்த்தாள். அவர் பார்த்துவிட்டார். ஆனால் ஒன்றும் தெரியாதவர்போல ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆனவர்களுக்கு இந்த நாடகமெல்லாம் அத்துப்படி.

"குளிருது போல," என்றாள்.

"ஆமா, குளிருது," என்றார் அவர். ஜன்னல் வழியாக வந்த வெயில் மேசையில் பாதியைப் பிடித்திருந்தது. இரண்டு பேருக்கும் வியர்த்தது.

அவருக்குத் தொழிற்சாலையில் கிராம் என்று பெயர். டைல்ஸ் செய்யும் இடம் அது. மண் ஓட்டின் மேல் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறதே, அந்தப் பூச்சுக்கு மாவு கலப்பது அவருடைய வேலை. இருபது கிலோ கலவைக்கு ஒரு கிராம் கூடினாலும் தராசை விட்டு நகரமாட்டார். கரண்டி நுனியால் சுரண்டி எடுத்த பிறகுதான் மூச்சே விடுவார். அப்படியே பெயர் ஒட்டிக்கொண்டது. முதலாளிகூட "கிராம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். இப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டில் மூன்று மாதமாக ஒரு பெரிய கள்ளக்கணக்கு ஓட்டிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

விஷயம் இதுதான். வருடாந்தரப் பரிசோதனையில் அவருக்கு ரத்த அழுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். குறைக்கத்தான் சொன்னார்கள். ஆனால் அவர் மனைவிக்குக் குறைப்பது என்றெல்லாம் தெரியாது. செய்தால் முழுசாகச் செய்வாள், இல்லையென்றால் தொடமாட்டாள். அன்று சாயங்காலமே உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ஊறுகாய், பாக்கெட் சூப் எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. "நீங்க மட்டும் வாயைக் கட்டிக்கிட்டு உட்காருவீங்க, நான் எதிர்ல உட்கார்ந்து ருசியா தின்னுவேனா? நல்லா இருக்கே கதை!" என்று அவளும் உப்பை விட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே பாத்திரம், ஒரே சப்பென்ற கூட்டு.

கிராம் ஒரு நாள் தாக்குப்பிடித்தார். சும்மா சொல்லக்கூடாது, முழுசாக ஒரு நாள். இரண்டாம் நாள் மதியம் கேன்டீன் பக்கம் கால் தானாகப் போனது. வீட்டிலிருந்து கொண்டுபோன டப்பாவைக் காவலாளியின் நாய்க்கு வைத்துவிட்டு, உப்பும் காரமுமாகச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த நாயும் பாவம், நாலாம் நாளிலிருந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

இது இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தெருமுனை மருந்துக்கடையில் அழுத்தம் பார்ப்பார்கள். அவளும் கூடவே போவாள். எண் இறங்கவே இல்லை. எப்படி இறங்கும்? அவளுக்கு அது புரியவில்லை. வீட்டில்தான் எங்கேயோ உப்பு ஒளிந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். கடை ரொட்டியை நிறுத்தி வீட்டில் சுட்டாள். பிஸ்கெட்டை நிறுத்தினாள். வெண்ணெயைத் தண்ணீரில் அலசினாள். இறங்காத ஒவ்வொரு எண்ணுக்கும் பிடியை ஒரு சுற்று இறுக்கினாள். கிராம் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அவள் வெண்ணெயை அலசிக்கொண்டு நின்ற முதுகைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் மனுஷன் பேசிவிடவேண்டும். இவர் இன்னும் கொஞ்சம் கவனமாக வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

அவளைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அவள் பதினொரு நாள் தூங்கவில்லை. வீட்டுச் சுவர்களையெல்லாம் மஞ்சளாக அடித்தாள், அது பிடிக்கவில்லை என்று நீலமாக அடித்தாள், யாரென்றே தெரியாத ஆட்களை விருந்துக்குக் கூப்பிட்டாள், பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒருநாள் படுத்தாள். நாலு மாதம் அந்த நீலச் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளை மாத்திரை வந்தது. லித்தியம் கார்பனேட் என்று அட்டையில் போட்டிருந்ததைப் படித்துவிட்டுக் கிராம் வாய்விட்டுச் சிரித்தார். "அடி இவளே, இது எங்க மாவுதான்! பளபளப்புக்கு நாங்க போடறதைத்தான் உனக்கும் போட்டிருக்காங்க!" பல மாதத்துக்குப் பிறகு அவளும் அன்றுதான் சிரித்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். ஒரு துணிக்கடைக்கு ஆல்டரேஷன் தைத்துக் கொடுத்தாள். மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தம் எடுத்து மருந்தின் அளவு பார்த்தார்கள். எல்லாம் சீராக இருக்கவே, அதுவும் வருஷத்துக்கு ஒன்றாகி, போன வருஷம் மறந்தே போயிற்று.

கோப்பை தட்டிய மறுநாள் அவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. சாயங்காலம் பேசும்போது நாக்கு கனத்தது. குளியலறைக்குப் போகும்போது கதவுச் சட்டத்தில் தோளை இடித்துக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் மகள் ஓடிவந்தாள். அவளைப் பாப்பா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்கள். அவளுக்கே ஒரு பாப்பா இருக்கிறது.

"அப்பா, இது அதுதாம்ப்பா. திரும்ப வருது," என்றாள் சமையலறையில், தாழ்ந்த குரலில்.

தாழ்த்திப் பேசி என்ன? முன்னறையில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்டுவிட்டது. "எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றாள் அங்கிருந்தே, குழறலாக. "மாத்திரை ஒண்ணு கூட்டிக் குடுக்கச் சொல்லுங்க. நான் போட்டுக்கறேன். மறுபடி அந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு என்னால படுக்க முடியாது."

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவர் கிளினிக்கில் தொலைபேசியை எடுத்த யாரோ, விவரம் கேட்டுவிட்டு, காலை, மதியம், இரவு என்று வேளைக்கு ஒரு மாத்திரை கூட்டிப் போடுங்கள், வெள்ளிக்கிழமை அழைத்துவாருங்கள் என்றார்கள். அன்று இரவே கூட்டிப் போட்டார்கள். கிராம்தான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார், அவர்தான் தண்ணீரும் பிடித்தார்.

புதன்கிழமை அவர் வேலைக்குப் போனார். போயிருக்கவேண்டாம், ஆனால் அவள் போகச் சொன்னாள், பாப்பா லீவு போட்டுத் துணைக்கு இருந்தாள். காலையில் இரண்டு முறை வாந்தி. மருந்து கூடியதால் இருக்கும், பழகிவிடும் என்று மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கலவை அறையில் ஒரு சுவர் முழுக்கத் தனிம அட்டவணை ஒட்டியிருக்கும். எப்போதோ ஒரு மாவுக் கம்பெனி விளம்பரத்துக்குக் கொடுத்தது. மற்றவர்களுக்கு அது சுவரின் ஓதத்தை மறைக்கிற காகிதம். கிராமுக்கு அப்படி இல்லை. நடுவில் கிடக்கிற கூட்டத்தில் இரும்பு, கோபால்ட், செம்பு என்று நிறத்துக்கு வேண்டிய சிலரைத்தான் அவருக்குப் பழக்கம். ஆனால் இடது ஓரத்து இரண்டு பத்திகளும் அவருக்கு உறவுக்காரர்கள் மாதிரி. முதல் பத்தியில் ஹைட்ரஜனை விட்டால் மேலிருந்து லித்தியம், சோடியம், பொட்டாசியம். கொடுக்கிற கை உள்ள குடும்பம். ஆளுக்கு ஒரு எலக்ட்ரான்தான் வெளியே நிற்கும், அதையும் கேட்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு வந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சுபாவத்தில் ஒருத்தரைப் போலவே ஒருத்தர். உருவத்தில்தான் பெரியது சிறியது. மூன்றில் யாரைப் போட்டாலும் உருகாத மணல் உருகும். ஒரே ஒரு வித்தியாசம், லித்தியம் பொடியனாக இருந்தாலும் வீரியம் அதிகம். கைநிறைய சோடா, அதாவது சோடியம், செய்கிற வேலையை அது ஒரு சிட்டிகையில் செய்துவிடும். கூடினால் பூச்சு செதிள் செதிளாகப் பெயர்ந்து விழும்.

அன்றைக்குப் பார்த்து சோடா கலந்த கல்மாவு லாரி வரவில்லை. சூளை சூடேறிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் வியர்த்து வழிய ஓடிவந்தார். அவர் புது ஆள். எதைக் கண்டாலும் பதறுவார்.

"அண்ணே, சோடா இல்லையாமே! இன்னைக்கு லோடு அவ்வளவுதானா?"

"ஏன் தலையில கையை வெக்கறீங்க? பொட்டாஷ் மாவு இருக்கு. கூடக் கொஞ்சம் லித்தியம் போட்டா ஆச்சு."

"சோடாவுக்குப் பதிலா அதுவா? சூளைக்குத் தெரியாதா, இது வேற ஆளுன்னு?"

கிராம் லித்தியம் மூட்டையைப் பிரித்து அள்ளிக்கொண்டே சிரித்தார். "சூளைக்கு ஆள் முகமா தெரியும்? சோடா உட்கார்ற இடம் காலியா இருக்கு. அந்தக் குடும்பத்துல யார் வந்தாலும் உள்ள இழுத்து உட்கார வெச்சுக்கும். சோடா எவ்வளவுக்கு இல்லையோ அவ்வளவுக்கு இதை விடவே விடாது."

சொல்லிவிட்டுத் தராசில் கொட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தான் சொன்னதைத் தானே இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். உப்பு என்பது என்ன? சோடியம்தானே. மூன்று மாதமாக அவர் வீட்டில் சோடா இல்லை. ஒரு துளி இல்லை. அந்த உடம்புக்குள் தினமும் லித்தியம் போய்க்கொண்டிருக்கிறது. சே, உடம்பு என்ன சூளையா, நான் என்ன டாக்டரா என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு கோப்பை தட்டியதையும் நாக்குக் குழறியதையும் கதவில் இடித்ததையும் எடுத்து எடுத்து முன்னால் வைத்தது. மணி பன்னிரண்டே முக்கால். மதிய மாத்திரை ஒரு மணிக்கு.

கரண்டியைப் போட்டுவிட்டு ஆபீஸ் தொலைபேசிக்கு ஓடினார். அவர் வாழ்க்கையில் பாதி நிறுத்த கலவையை விட்டுவிட்டு ஓடியது அன்றுதான். "அண்ணே! எத்தனை கிராம்னு சொல்லிட்டாவது போங்க!" என்று சூப்பர்வைசர் கத்தியது காதிலேயே ஏறவில்லை.

"பாப்பா, அம்மாவுக்கு மாத்திரை குடுத்துட்டியா?"

"இப்பதாம்ப்பா எடுத்துக்கிட்டிருக்கேன்."

"குடுக்காதே. தொடாதே. டப்பாவுக்குள்ள ஒரு மடிச்ச காகிதம் இருக்கும் பாரு, பொடி எழுத்துல. அதைப் பிரிச்சு உப்புன்னு எங்கயாவது இருக்கான்னு படி."

"உப்பா? அப்பா, என்னப்பா உளர்றீங்க?"

"படிடீ!"

மகளை அவர் டீ போட்டுக் கத்தியதே இல்லை. அந்தப் பக்கம் காகிதம் பிரியும் ஓசை. இருபத்திரண்டு வருஷமாக எத்தனை டப்பாக்கள், ஒன்றிலாவது இதைப் பிரித்துப் பார்த்திருப்பார்களா? பிரிக்காமலே குப்பைக்குப் போன காகிதங்கள். பாப்பா முணுமுணுவென்று படித்துக்கொண்டே வந்தாள். பிறகு குரல் நின்றது. பிறகு மெதுவாகப் படித்தாள். உணவில் உப்பின் அளவைத் திடீரெனக் குறைக்கக் கூடாது, குறைத்தால் மருந்து உடலில் தேங்கி நஞ்சாகலாம், கை நடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம்.

"அப்பா..." என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டரம்மாவுக்குப் பாப்பா வயதுதான் இருக்கும். ரத்தம் எடுத்து, முடிவு வருவதற்குள்ளேயே உப்புநீர் பாட்டிலை ஏற்றிவிட்டார். முடிவு வந்ததும் கூட இருந்த நர்ஸிடம் அதைக் காட்டினார். இருக்கவேண்டிய அளவைப்போல இரண்டரை மடங்கு. பிறகு இவர்கள் பக்கம் திரும்பி, இன்னும் ஒரு நாள் இந்தக் கணக்கில் போட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், அதற்குமேல் நான் சொல்லவேண்டாம் என்றார். "கிட்னி உப்பைத் தேடுதுங்க. உப்பு கிடைக்கலைன்னா, அதே மாதிரி இருக்கிற இதைப் புடிச்சு உள்ளயே வெச்சுக்குது," என்று விளக்கினார். கிராம் தலையாட்டினார். அவருக்கு இதில் எதுவும் புதிதாக இல்லை என்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"அது சரி, கொஞ்சம் குறைச்சா இவ்வளவு ஆகாதே. ஏன் இப்படிச் சுத்தமா நிறுத்தினாங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அப்பாவுக்குப் பிரஷர் இறங்கவே இல்லைங்க. அதான் அம்மா மேல மேல கட்டுப்பாடு பண்ணிட்டே போனாங்க," என்றாள் பாப்பா.

டாக்டரம்மா அங்கேயே அவர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "மூணு மாசம் உப்பே இல்லாம, மாத்திரையும் போட்டுக்கிட்டு... இது இறங்கியிருக்கணுமே?"

இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள். பட்டையிலிருந்து காற்று புஸ்ஸென்று இறங்கியது. நான் வெளியே சாப்பிட்டேன் என்று சொன்னார். தினமுமா என்று கேட்டார் டாக்டரம்மா. தினமும் என்றார். டாக்டரம்மா காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். பாப்பா சுவரில் சாய்ந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேம்ப்பா," என்றாள் கடைசியில். "நீங்கதான் சொல்லணும்."

இரண்டு நாள் அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. கிராம் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பாட்டிலிலிருந்து சொட்டு விழுவதை எண்ணிக்கொண்டிருந்தார், நிமிஷத்துக்கு எத்தனை என்று. எண்ணாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அவளை உப்பில்லாமல் காயவைத்தது தான்தான் என்று எண்ணிக்கை தவறும் இடத்திலெல்லாம் தோன்றியது. அப்போது மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்.

மூன்றாம் நாள் காலை அவள் கண் தெளிந்திருந்தது. பேச்சு மெதுவாக, ஆனால் வார்த்தை வார்த்தையாக வந்தது. டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் அவளிடமே சொல்லிவிட்டுப் போனார். மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறோம், அதையே குறைத்து மறுபடி கொடுப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று அவளுடைய டாக்டர் வந்த பிறகு பேசலாம், எதுவானாலும் இனி மற்றவர்கள் சாப்பிடுகிற மாதிரி உப்புப் போட்டுச் சாப்பிடவேண்டும் என்று.

"வேற மருந்து கேக்குமா, கேக்காதா, யாருக்குத் தெரியும்?" என்றாள் அவள், டாக்டரம்மா போன பிறகு. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு உப்பில்லாம, எனக்கு உப்போட. இனி ரெண்டு பாத்திரம் வெக்கணும்."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றார் கிராம்.

சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கேன்டீனையும் டப்பாவையும் நாயையும் மருந்துக்கடையில் இறங்காத எண்ணையும், அவள் வெண்ணெய் அலசியதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதையும் சொன்னார். சொல்லும்போது அழுதார். சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்.

"எப்பலேருந்து?"

"ரெண்டாம் நாள்லேருந்து."

"இருபத்திரண்டு வருஷம்," என்றாள் அவள். "அந்த மாத்திரை போட்டா வாயெல்லாம் தகரம் மாதிரி இருக்கும். உடம்பு ஊதிச்சு. ஒருநாள், ஒரே ஒருநாள், தலையணைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருப்பேனா?"

"இல்லை."

"யாரும் பார்க்காதப்பக்கூட முழுங்கினேங்க."

வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். கோபமா, அசதியா, எதுவென்று பிடிபடவில்லை. இத்தனை வருஷத்தில் அவருக்குப் பிடிபடாத முகம் அது ஒன்றுதான்.

"சொல்லுங்க. என்னென்ன தின்னீங்க?"

"எதுக்குடி இப்ப?"

"கேக்கறேன் இல்ல? முதல் நாள்லேருந்து சொல்லுங்க."

முதல் நாள் ஆம்லெட் என்றார். அடுத்த நாளும் ஆம்லெட். அப்புறம் பட்டாணி சூப், மேலே வெண்ணெய் மிதக்கும். வெள்ளிக்கிழமைகளில் வறுத்த மீன். மழை பெய்த அன்று வேர்க்கடலை, உப்புத் தண்ணீரில் வேகவைத்தது, காகிதப் பொட்டலத்தில் சுடச்சுட.

"தோலோடயா?"

"தோலோட. பிரிச்சா உள்ள கொஞ்சம் தண்ணி நிக்கும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்கியது.

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. "ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றார்.

பாட்டிலை மாற்ற நர்ஸ் உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள். ஊசி குத்தியிருந்த கையை நர்ஸ் பக்கம் நீட்டிக்கொடுத்தபடியே, கண்ணைத் திறக்காமல், "அப்புறம்?" என்றாள் அவள்.